வேதிச் செறிவுச் சரிவு: உருவாக்கவும் தாங்கவும் வேலை வாங்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கரைசலின் ஒரு முனையில் ஒரு பொருள் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் இருந்து, இடையில் அதன் அளவு சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போனால் அங்கே ஒரு செறிவுச் சரிவு இருக்கிறது. ஆய்வகத்தில் பேச்சுவழக்கில் 'கிரேடியன்ட்' என்பார்கள். நரம்பில் ஓடும் மின்துடிப்பு, பழ ஈயின் முட்டைக்குள் தலை எந்தப் பக்கம் என்று முடிவாவது, மருந்தின் தூய்மையைச் சோதிப்பது, பற்சக்கரத்தின் மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது, கணினிச் சில்லு செய்வது என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகள் எல்லாம் இதை நம்பித்தான் நடக்கின்றன.

பாடப்புத்தகத்தில் சரிவு என்றால் பெரும்பாலும் அது கலைந்துபோகும் கதைதான். வேலை செய்கிறவருக்கு அதன் மறுபக்கம் வேண்டும்: கலையாமல் எப்படி வைத்திருப்பது? ஒரு பக்கம் ஊற்றினால் சரிவு வந்துவிடும், அதில் பெரிய வித்தை இல்லை. அது நிற்பதற்கான செலவை யார் கொடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை வழி மூன்றுதான்: ஓயாமல் ஊட்டி, ஓயாமல் அகற்றுவது, வெளியிலிருந்து ஒரு விசையைக் கொடுத்துப் பிடித்துவைப்பது, அல்லது உருவானவுடன் உறையவைத்துவிடுவது. கீழே வரும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும்.

படி 1: மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்று தெளிவாகுங்கள்

ஒரு கோட்டின் இடப்பக்கம் 100 மூலக்கூறுகள், வலப்பக்கம் 60 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் இடமோ வலமோ எந்தத் திட்டமும் இல்லாமல் ஓர் எட்டு வைக்கிறது. சராசரியாக இடப்பக்கத்தில் பாதி, அதாவது 50, கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வரும். வலப்பக்கத்திலிருந்து 30 இடப்பக்கம் போகும். நிகரமாக 20 மூலக்கூறுகள் வலப்பக்கம் நகர்ந்துவிட்டன. 'அந்தப் பக்கம் இடம் காலியாக இருக்கிறது' என்று எந்த மூலக்கூறுக்கும் தெரியாது. யாரும் அதைத் தள்ளவும் இல்லை. எண்ணிக்கை வித்தியாசம் மட்டுமே ஓட்டமாகத் தெரிகிறது. இதுதான் விரவல்.

இதை 1855இல் கணக்காக எழுதியவர் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர். வெப்பம் கடத்தப்படுவதற்கு ஃபூரியே எழுதிய விதியைப் பார்த்துத்தான் அவர் இதை அமைத்தார். ஓட்டம் = விரவல் குணகம் × சரிவின் செங்குத்து. (விரவல் குணகம் என்பது ஒரு பொருள் ஓர் ஊடகத்தில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று காட்டும் எண்.) சரிவு செங்குத்தாக இருந்தால் ஓட்டம் அதிகம், படுத்திருந்தால் குறைவு.

ஒரு திருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்கு' என்ற வாய்ப்பாடு ஒரே கரைப்பானுக்குள்தான் செல்லும். நீரில் கரைந்த அயோடினின் மேல், நீரோடு கலக்காத ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றுங்கள். ஹெக்சேனில் அயோடினின் செறிவு நீரில் உள்ளதைவிடப் பல மடங்கு ஆன பிறகும் அயோடின் மேலே போய்க்கொண்டே இருக்கும். உண்மையில் மூலக்கூறுகள் இறங்குவது வேதி ஆற்றல்நிலையில், அதாவது அந்த ஊடகத்தில் ஒரு மூலக்கூறுக்கு உள்ள ஆற்றல் மட்டத்தில். ஒரே கரைப்பானுக்குள் அது செறிவோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். சவ்வு, ஜெல், எண்ணெய் என்று இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் எந்த வேலையிலும் இதை மறந்தால் கணக்கு தப்பிவிடும்.

படி 2: கருவியைத் தொடுவதற்கு முன் நீளத்தையும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நேரம் ≈ தூரத்தின் வர்க்கம் ÷ (2 × விரவல் குணகம்)

நீரில் உப்பு அயனி போன்ற சிறிய துகள்களின் விரவல் குணகம் ஏறக்குறைய ஒரு நொடிக்கு 1000 சதுர மைக்ரோமீட்டர். சர்க்கரைக்கு அதில் பாதி. நடுத்தரப் புரதங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. சிறிய துகளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 1 மைக்ரோமீட்டரைக் கடக்க அரை மில்லிநொடி, 10 மைக்ரோமீட்டருக்கு 50 மில்லிநொடி, 1 மில்லிமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்கும் மேல், 1 சென்டிமீட்டருக்குச் சுமார் 14 மணி நேரம், 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மாதம், 1 மீட்டருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல்.

தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. பாக்டீரியாவுக்குள் எதையும் கொண்டுபோய்ச் சேர்க்கத் தனி ஏற்பாடு தேவைப்படாததற்கும், நமக்கு இதயமும் இரத்தக் குழாய்களும் தேவைப்படுவதற்கும் காரணம் இந்த வர்க்கம்தான். உடலின் பெரும்பாலான செல்கள் ஒரு நுண்குழாயிலிருந்து ஒன்றிரண்டு நூறு மைக்ரோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. அதைத் தாண்டினால் ஆக்சிஜன் போய்ச் சேர்வதற்குள் வழியிலிருக்கும் செல்களே அதைத் தீர்த்துவிடும்.

வாயுவில் விரவல் நீரைவிடப் பத்தாயிரம் மடங்கு அளவில் வேகம். திடப்பொருளில் அறை வெப்பத்தில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். ஆனால் வெப்பத்தைக் கூட்டினால் தடாலென்று ஏறும். இந்த ஏற்றத்தைத்தான் உலோகத் தொழிலும் குறைக்கடத்தித் தொழிலும் பயன்படுத்திக்கொள்கின்றன.

படி 3: சலனத்தை அடக்குங்கள்

மேலே சொன்ன நேரங்களைப் பார்த்ததும் 'சாயத்தைத் தண்ணீரில் விட்டால் சில நிமிடத்திலேயே பரவிவிடுகிறதே' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அங்கே பரப்புவது விரவல் அல்ல, சலனம். பாத்திரத்தின் ஒரு பக்கம் அரை டிகிரி சூடாக இருந்தாலும், சாயக் கரைசல் நீரைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தாலும் திரவம் சுழலத் தொடங்கிவிடும். மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அளவுகளில் சலனத்துக்கு முன்னால் விரவல் நிற்கவே முடியாது.

அடக்க நான்கு வழிகள் உண்டு. ஜெல்லுக்குள் செய்யலாம்: 1 சதவீத அகார் ஜெல்லில் பெரும்பகுதி நீர்தான், சிறிய மூலக்கூறுகள் கிட்டத்தட்ட நீரில் போவதுபோலவே போகும், ஆனால் திரவம் மொத்தமாக நகர முடியாது. கனமானதை அடியில் வைக்கலாம். அடர்த்தியே சலனத்தைத் தடுக்கும். பாத்திரத்தை மயிரிழை அளவுக்குக் குறுக்கலாம். எடையின்மையில் செய்யலாம், விண்வெளி நிலையங்களில் புரதப் படிகம் வளர்க்கப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடைசி வழி நம் கைக்கு எட்டாதது, முதல் மூன்றே போதும்.

படி 4: எந்த வடிவச் சரிவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

வடிவத்தைத் தீர்மானிப்பது மூலக்கூறு அல்ல, எல்லைகளில் நீங்கள் செய்யும் ஏற்பாடு.

ஒரு முனையில் செறிவை மாறாமல் வைத்து, மறுமுனையைத் திறந்தே விட்டால் முதலில் செங்குத்தாக இறங்கி நீண்ட வாலோடு முடியும் ஒரு வளைகோடு கிடைக்கும். அது நிற்காது, நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உள்ளே ஊர்ந்துகொண்டே போகும்.

ஒரு முனையில் மாறாத ஊற்று, மறுமுனையில் மாறாத வடிகால். கொஞ்ச நேரத்தில் நேர்கோடு. ஆய்வுக்கு மிகவும் வசதியான வடிவம் இதுதான், ஏனென்றால் ஒவ்வோர் இடத்திலும் சாய்வு ஒன்றே.

மூன்றாவது வடிவம் உயிரினங்களுக்குப் பிடித்தது. ஒரு முனையில் ஊற்று, ஆனால் தனியாக வடிகால் கிடையாது. போகும் வழியெல்லாம் மூலக்கூறு சிதைந்துகொண்டே வருகிறது. கிடைப்பது அடுக்குக்குறி வளைகோடு: குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை செறிவு ஒரே விகிதத்தில் குறையும். அந்தத் தூரம், விரவல் குணகத்தைச் சிதைவு வேகத்தால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். எவ்வளவு ஊட்டுகிறோம் என்பது அதில் வரவே வராது. ஊற்றை இரட்டித்தாலும் வளைகோடு உயருமே தவிர நீளாது. நீட்ட வேண்டுமென்றால் சிதைவைக் குறைக்க வேண்டும்.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் பழ ஈயின் பைகாய்ட் என்ற புரதம். கருமுட்டை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளம். தாய் ஈ முன்முனையில் வைத்துவிட்டுப் போன ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாகிப் பின்முனையை நோக்கிப் பரவுகிறது. சுமார் 100 மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை அதன் அளவில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சுகிறது. கருவுக்குள் இருக்கும் ஒவ்வோர் உட்கருவும் தன் இடத்தில் உள்ள அளவைப் 'படித்து' எந்த மரபணுவை இயக்குவது என்று முடிவெடுக்கிறது. 1988இல் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வோல்ஃப்காங் ட்ரீவரும் இதைக் காட்டினார்கள். செறிவின் வரம்புகளே உடலின் எல்லைகளாக மாறலாம் என்ற கருத்தை லூயிஸ் வோல்பர்ட் 1969இலேயே முன்வைத்திருந்தார். அதற்கும் முன்னால், 1952இல், ஆலன் டூரிங் இப்படி உருவம் தரும் பொருள்களுக்கு 'மார்ஃபோஜென்' என்று பெயரே வைத்துவிட்டார். கணினி அறிஞராக மட்டுமே அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

படி 5: முதல் சரிவைக் கையால் செய்து பாருங்கள்

தேவை: அகார், புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி, மிகக் குறைந்த அளவு சோடியம் ஹைட்ராக்சைடு, 5 சதவீத அசெட்டிக் அமிலம், ஒரு சோதனைக் குழாய், ஓர் அளவுகோல். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

100 மில்லி நீரில் 1 கிராம் அகாரைக் கொதிக்கவைத்துத் தெளிவாகக் கரையுங்கள். நிறங்காட்டியைச் சேர்த்து, நீல நிறம் வரும்வரை மட்டும் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். அதிகம் விட்டால் அமிலத்தில் பெரும்பகுதி அதைச் சமன்செய்வதிலேயே போய்விடும். குழாயில் முக்கால் பங்கு ஊற்றிக் குமிழ் இல்லாமல் உறையவிடுங்கள். அப்புறம் மேலே அமிலத்தை மெதுவாக ஊற்றி, மூடி, அசையாத இடத்தில் நிறுத்துங்கள்.

நீலம் மேலிருந்து பச்சையாகி மஞ்சளாக மாறிக்கொண்டே இறங்கும். பிஎச் 7.6க்கு மேலே நீலம், 6க்குக் கீழே மஞ்சள். அந்த எல்லைக்கோட்டை 1 மணி, 4 மணி, 9 மணி நேரத்தில் அளந்து குறியுங்கள். தூரங்கள் 1 : 2 : 3 என்ற விகிதத்தில் வரவேண்டும். ஹைட்ராக்சைடு லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல் அளவில் இருந்தால் முதல் மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கும்.

இங்கே ஒரு முரண்பாடு எட்டிப் பார்க்கும். படி 2இல் உள்ள சூத்திரத்தைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வருகிறது. எல்லை ஏன் மூன்று மடங்கு தூரம் போனது? கண்ணுக்குத் தெரியும் கோடு சராசரி மூலக்கூறு நிற்கும் இடம் அல்ல. மேலே உள்ள அமிலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வந்தாலே நிறம் மாறிவிடும், ஆகவே நாம் பார்ப்பது வளைகோட்டின் வால்நுனியை. நிறங்காட்டியை மாற்றினால், அல்லது ஹைட்ராக்சைடைக் கூட்டினால், 'எல்லை' வேறு இடத்தில் இருக்கும். ஆனால் 1 : 2 : 3 விகிதம் மாறாது. எந்தச் சரிவைப் பற்றிய படத்தைப் பார்த்தாலும், இந்தக் கோடு எந்த வரம்பைக் காட்டுகிறது என்று கேட்டுப் பழகுங்கள்.

பாக்டீரியாவுக்கு எந்த மருந்து வேலைசெய்யும் என்று பார்க்க மருத்துவ ஆய்வகங்கள் செய்யும் வட்டுச் சோதனையும் இதே தான். மருந்து நனைத்த வட்டிலிருந்து அது அகாருக்குள் பரவுகிறது, பாக்டீரியாவும் வளர்கிறது. இரண்டும் போட்டிபோட்டு எங்கே நிற்கின்றனவோ அதுதான் வட்டத்தின் விளிம்பு. அகாரின் தடிமன் 4 மில்லிமீட்டர் என்று கறாராக விதிப்பதன் காரணம் இப்போது புரியும். மெல்லிய அகாரில் மருந்து கீழே பரவ இடமில்லாமல் பக்கவாட்டில் போகும், வட்டம் பெரிதாகும், வேலைசெய்யாத மருந்து வேலைசெய்வதுபோலத் தெரியும்.

படி 6: ஆய்வகச் சரிவுகள்

*சுக்ரோஸ் சரிவு.* செல் பாகங்களையும் வைரஸ்களையும் பிரிக்க 5 முதல் 20 சதவீதம், அல்லது 10 முதல் 40 சதவீதம்வரை சுக்ரோஸ் சரிவு வழக்கம். இதற்கான கருவி எளிமையானது: அடியில் இணைந்த இரண்டு சம அளவு அறைகள், ஒன்றில் காந்தக் கலக்கி, அதிலிருந்தே வெளியேறும் குழாய். கலக்கும் அறையிலிருந்து திரவம் போகப்போக மற்ற அறையிலிருந்து அதே அளவில் பாதி உள்ளே வருவதால் செறிவு நேர்கோட்டில் மாறும். குழப்பம் வருவது எதை எந்த அறையில் ஊற்றுவது என்பதில். குழாயின் சுவர் வழியாக மேலிருந்து விட்டால் கலக்கும் அறையில் கனமான கரைசல். நீண்ட ஊசியால் அடியிலிருந்து ஏற்றினால் கலக்கும் அறையில் லேசான கரைசல்.

கருவி இல்லையா? நான்கு செறிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விரவலிடம் விட்டுவிடலாம். இங்கே வர்க்கக் கணக்கு அழகாக உதவுகிறது. 9 சென்டிமீட்டர் உயரக் குழாயில் ஓர் அடுக்கு சுமார் 2 சென்டிமீட்டர். சுக்ரோஸ் அதைக் கடக்க நாலு நாளுக்கு மேல் ஆகும். குழாயை நன்றாக மூடி, மிக மெதுவாகப் படுக்கவையுங்கள். 14 மில்லிமீட்டர் விட்டத்தில் நான்கு அடுக்கும் படுத்துவிட்டால் ஒவ்வொன்றின் தடிமன் மூன்றரை மில்லிமீட்டர்தான். மூன்று மூன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு அதே மெதுவோடு நிமிர்த்தினால் செங்குத்துச் சரிவு தயார்.

*சீசியம் குளோரைடு.* இது முன்கூட்டிச் செய்யவே வேண்டாத சரிவு. சீராகக் கலந்த கரைசலை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழல்கருவியில் நிமிடத்துக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுழற்சியில் ஒரு நாள் அளவுக்குச் சுழற்றினால், சீசியம் அயனிகள் வெளிப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும், விரவல் அவற்றைத் திருப்பி அனுப்பும், இரண்டும் சமன்படும் இடத்தில் சரிவு நிற்கும். சுழற்சி இருக்கும்வரை கலையாது. 1958இல் மேத்யூ மெசல்சனும் ஃப்ராங்க்ளின் ஸ்டாலும் இதில்தான் நைட்ரஜன்-15 என்ற கனமான நைட்ரஜன் ஏறிய டிஎன்ஏவையும் சாதாரண டிஎன்ஏவையும் பிரித்து, இரட்டையாகும்போது ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் சேர்கின்றன என்று நிரூபித்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பிறகு நடுவில் ஒரே ஒரு பட்டை. அவ்வளவு சுத்தமான பதில் அறிவியலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

*நுண்பாய்மச் சில்லு.* 100 மைக்ரோமீட்டர் அகலக் கால்வாயில் இரண்டு திரவங்களை விட்டால் அவை கலங்காமல் அருகருகே ஓடும். விரவல் மட்டுமே கலக்கும். சர்க்கரை அளவுள்ள மூலக்கூறு 100 மைக்ரோமீட்டரைக் கடக்க 10 நொடி. ஓட்டம் நொடிக்கு 1 மில்லிமீட்டர் என்றால் முழுதாகக் கலக்க 10 மில்லிமீட்டர் நீளம் வேண்டும். இடம் மிச்சமாக அந்த நீளத்தைப் பாம்புபோல் மடித்து வைப்பார்கள். பிரித்துக் கலந்து, மறுபடி பிரித்துக் கலந்து, ஒரு மரத்தின் கிளைகள்போல் அடுக்கினால் கடைசியில் வரிசையாகப் படிப்படியான செறிவுகள் வரும். 2000 வாக்கில் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு செய்த வடிவமைப்பு இது. கணினியில் பார்க்க அழகாக இருக்கும். மேசையில் வைத்தால் ஒரே ஒரு காற்றுக் குமிழ் மொத்தத்தையும் கெடுத்துவிடும். சில்லை ஏற்றுவதற்கு முன் கரைசல்களிலிருந்து கரைந்த காற்றை எடுத்துவிடுங்கள்.

செல்களை வைத்து ஆராயும்போது நான் ஓட்டமில்லாத வகையையே பரிந்துரைப்பேன். ஓடும் திரவம் செல்லைத் தள்ளும், செல் வெளியிடும் செய்திகளையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பதில் இரண்டு தேக்கங்கள், நடுவில் 1 மில்லிமீட்டர் ஜெல் பாலம். புரதத்துக்கு நேர்கோட்டுச் சரிவு உருவாக ஒன்றரை மணி நேரம் அளவில் ஆகும். எவ்வளவு நேரம் தாங்கும்? தேக்கம் 100 மைக்ரோலிட்டர், பாலத்தின் குறுக்குவெட்டு 1 மில்லிமீட்டர் × 0.1 மில்லிமீட்டர் என்றால், சாய்வு 1 சதவீதம் குறையவே பதினாலு மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் ஆவியாதல்தான் வில்லன். இரண்டு தேக்கங்களின் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். சிறிய வித்தியாசம் இருந்தாலும் ஜெல் வழியாக ஓட்டம் தொடங்கிவிடும்.

சரிவு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்காமல் செல்லைப் போடாதீர்கள். சோதிக்கும் புரதத்தின் எடைக்கு நெருக்கமான எடையுள்ள, ஒளிரும் சாயம் ஏற்றிய டெக்ஸ்ட்ரானை (சர்க்கரை அலகுகளாலான நீண்ட மூலக்கூறு) சேர்த்து நுண்ணோக்கியில் படமெடுங்கள். சாயம் மட்டும் போட்டால் போதாது. சிறிய சாயமூலக்கூறு புரதத்தைவிட வேகமாகப் போய் 'எல்லாம் சரி' என்று பொய் சொல்லும்.

படி 7: சரிவிடம் வேலை வாங்குங்கள்

*பிரித்தெடுத்தல்.* உயர்திறன் திரவக் குரோமட்டோகிராஃபியில் கரைப்பானின் கலவையையே நேரத்தோடு மாற்றுகிறார்கள்: தொடக்கத்தில் நீரில் 5 சதவீத அசெட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பான், முடிவில் 95 சதவீதம் என்பதுபோல. நீரோடு எளிதில் ஒட்டுகிறவை முதலில் வெளியேறும், கொழுப்புத்தன்மை உள்ளவை கடைசியில். ஒரு கருவியில் சரியாக வந்த முறை இன்னொரு கருவியில் தப்புகிறதா? பம்ப் கலக்கும் இடத்திலிருந்து, பொருள்கள் பிரியும் குழாயான நிரலின் வாய்வரை உள்ள கொள்ளளவைப் பாருங்கள். அது 1 மில்லி, ஓட்டம் நிமிடத்துக்கு 1 மில்லி என்றால், நீங்கள் திட்டமிட்ட சரிவு ஒரு நிமிடம் தாமதமாகத்தான் நிரலுக்குள் வருகிறது. புரதத்துக்கு பிஎச் சரிவும் உண்டு. மின்புலத்தில் ஓடும் புரதம் தன் நிகர மின்சுமை சுழியாகும் பிஎச்சில் வந்து நின்றுவிடும். கொஞ்சம் விலகினால் மின்சுமை ஏற்பட்டு மறுபடி அதே இடத்துக்குத் தள்ளப்படும். பட்டை தானாகவே கூர்மையாவதால் பிரித்தெடுக்கும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

*உயிர்களின் போக்கு.* ஈ. கோலை பாக்டீரியாவின் நீளம் இரண்டு மைக்ரோமீட்டர் அளவு. அதன் முன்னும் பின்னும் உள்ள செறிவு வித்தியாசம் அற்பமானது. அதனால் அது இடத்தை ஒப்பிடுவதில்லை, காலத்தை ஒப்பிடுகிறது: ஒரு நொடி நேராக நீந்தும், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தடுமாறித் திசை மாறும், சற்று முன்னால் இருந்ததைவிட நிலைமை மேம்பட்டிருந்தால் தடுமாற்றத்தைத் தள்ளிப்போடும். வெள்ளணுக்கள் பெரியவை, மெதுவாக ஊர்பவை. உடலின் இரு ஓரங்களுக்கிடையே 1 அல்லது 2 சதவீத வித்தியாசம் இருந்தாலே திசையைக் கண்டுபிடித்துவிடும். பாக்டீரியா எப்படி எதிர்ப்பாற்றல் பெறுகிறது என்று காட்ட 2016இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் 120க்கு 60 சென்டிமீட்டர் அகார்த் தட்டில் மருந்தைப் பட்டை பட்டையாகப் பத்து மடங்கு ஏற்றிக்கொண்டே போனார்கள். சுமார் 11 நாளில் தொடக்க அளவைவிட ஆயிரம் மடங்கு மருந்து இருந்த நடுப்பகுதிக்கு பாக்டீரியா வந்து சேர்ந்தது. ஒரேயடியாக அந்த அளவில் போட்டிருந்தால் ஒன்றும் பிழைத்திருக்காது. படிக்கட்டு இருந்ததால்தான் ஏற முடிந்தது.

*ஆற்றல்.* நம் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவு, வெளியே 5. விகிதம் 28. உடல் வெப்பத்தில் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 61.5 மில்லிவோல்ட் என்பதால் 89 மில்லிவோல்ட் வருகிறது. சிறியதாகத் தெரியும், ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர். மீட்டருக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் வோல்டுக்கும் மேல் மின்புலம். இதைக் காப்பது யென்ஸ் ஸ்கூ 1957இல் கண்ட சோடியம்–பொட்டாசியப் பம்ப்: செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஏடிபியும் சரிவிலிருந்துதான் வருகிறது, இம்முறை புரோட்டான் சரிவு. பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை; 1978இல் நோபல் பரிசு வந்தது.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள உப்புச் சரிவிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம். கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் சுமார் 27 வளிமண்டலம், அதாவது 270 மீட்டர் உயர அணைக்குச் சமம். ஒரு கனமீட்டர் ஆற்றுநீருக்கு அதிகபட்சம் முக்கால் கிலோவாட்-மணி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நார்வேயின் டோஃப்டேவில் 2009இல் தொடங்கிய முன்மாதிரி நிலையம் 2013க்குப் பிறகு தொடரவில்லை. சவ்வு ஒரு சதுர மீட்டருக்குத் தந்த மின்திறன் செலவுக்குக் கட்டுபடியாகவில்லை. சரிவு இலவசம்தான், அதை அறுவடை செய்யும் சவ்வு இலவசமில்லை.

*திடப்பொருள்கள்.* பற்சக்கரத்தை 925 டிகிரி செல்சியஸ் அளவில் கார்பன் நிறைந்த சூழலில் வைத்தால், 0.2 சதவீதம் கார்பன் உள்ள எஃகின் மேற்பரப்பில் அது 0.8 சதவீதம் அளவுக்கு ஏறி, உள்ளே போகப்போகக் குறையும். வெளியே தேயாது, உள்ளே உடையாது. இரண்டு மடங்கு ஆழம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் உலையில் வைக்க வேண்டும். கணினிச் சில்லு செய்யும்போது, 1100 டிகிரியில் சிலிக்கனுக்குள் போரான் ஒரு மணி நேரத்தில் ஒரு மைக்ரோமீட்டரின் மூன்றில் ஒரு பங்கு அளவே போகும். அறை வெப்பத்துக்கு இறக்கினால் அந்தச் சரிவு அப்படியே உறைந்து நிற்கும். கைப்பேசியின் திரைக் கண்ணாடியை உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் 400 டிகிரி அளவில் சில மணி நேரம் ஊறவைக்கிறார்கள். மேற்பரப்பில் இருந்த சிறிய சோடியம் போய்ப் பெரிய பொட்டாசியம் நெருக்கியடித்து உட்காருவதால் மேலடுக்கு அழுத்தத்தில் இருக்கும். கீறல் எளிதில் விரியாது.

வேண்டாத சரிவுகள்

பொறியாளரின் நாளில் பாதி, கேட்காமலே வந்து நிற்கும் சரிவுகளோடு போராடுவதில் போகும். கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வின் மேல் நீர் போய்விட்டு உப்பு தங்கிவிடுவதால், சவ்வை ஒட்டிய மெல்லிய படலத்தில் செறிவு ஏறி, பம்ப் அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். மின்முலாம் பூசும் தொட்டியில் மின்முனையை ஒட்டி உலோக அயனி தீர்ந்துபோனால் பூச்சு கருத்துப் பொடியாக வரும். லித்தியம் பேட்டரியை அவசரமாக மின்னேற்றினால் மின்பகுளியில் லித்தியச் சரிவு செங்குத்தாகி, தூரத்தில் உள்ள மின்முனைப் பகுதிக்கு அயனி போய்ச் சேராது.

இவற்றில் எதுவானாலும் முதலில் அந்தப் படலத்தின் தடிமனைக் குறையுங்கள். கலக்குங்கள், ஓட்டத்தைக் கூட்டுங்கள், சவ்வுகளுக்கிடையே வலை வையுங்கள், மின்முனையை மெல்லியதாக்குங்கள். படலம் பாதியானால் அதே செறிவு வித்தியாசத்தில் ஓட்டம் இரட்டிக்கும், சரிவு நிலைபெறும் நேரமோ நாலில் ஒன்றாகும். வெப்பத்தைக் கூட்டினாலும் விரவல் வேகமாகும்தான், ஆனால் நீரில் அது டிகிரிக்கு இரண்டு மூன்று சதவீத அளவில்தான் கூடும். பக்கவினைகளோ அதைவிட வேகமாகக் கூடிவிடலாம். ஆகவே வெப்பத்தைக் கடைசியில் தொடுங்கள்.